தாக்கிய குளோரின், அமர்ந்த குளோரின்

மீத்தேனையும் குளோரினையும் ஒரு கண்ணாடிக் குடுவையில் கலந்து இருட்டறையில் வைத்தால் ஒன்றும் நடக்காது. நாள்கணக்கில் வைத்தாலும் மீத்தேன் மீத்தேனாகவே கிடக்கும். குளோரினின் வெளிறிய மஞ்சள் பச்சை நிறமும் மாறாது. குடுவையைச் சன்னலோரம் கொண்டுவந்தால் அந்த நிறம் மெல்ல மங்கத் தொடங்கும். நிறம் முழுதும் போன பிறகு, அம்மோனியாவில் தோய்த்த கண்ணாடிக் கோலை அதன் வாயருகே காட்டினால் அடர்ந்த வெண்புகை எழும். உள்ளே ஹைட்ரஜன் குளோரைடு உருவாகியிருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. நேரடி வெயில் பட்டால் கலவை வெடிக்கவும் கூடும். அதனால் இதை யாரும் வீட்டில் செய்து பார்க்கக் கூடாது.

இந்த இரண்டில் எளிதில் மசியாதது மீத்தேன். அது சேர்ந்த ஆல்கேன் குடும்பமே அப்படித்தான். கார்பனும் ஹைட்ரஜனும் மட்டும், அவற்றுக்கிடையே ஒற்றைப் பிணைப்புகள் மட்டும். இதுதான் அந்தக் குடும்பத்தின் கட்டுமானம். சமையல் எரிவாயுவில் உள்ள புரொப்பேனும் பியூட்டேனும், மண்ணெண்ணெயின் பெரும்பகுதியும், மெழுகுவத்தியின் மெழுகும் இந்தக் குடும்பமே. எரிசோடாவோ பொட்டாசியம் பெர்மாங்கனேட்டோ சாதாரண வெப்பநிலையில் இவற்றை அசைப்பதில்லை. தண்ணீரைக் கண்டாலே தீப்பிடிக்கும் சோடியத்தை ஆய்வகத்தில் மண்ணெண்ணெயில் மூழ்கவைத்துப் பாதுகாக்கிறார்கள் என்றால், மண்ணெண்ணெய் அதனோடு எந்த வம்புக்கும் போகாது என்ற நம்பிக்கையில்தான். அப்படிப்பட்ட ஒரு பொருளைச் சன்னல் வெளிச்சம் எப்படி வினைக்கு இழுக்கிறது?

ஒளி இவற்றில் எதைத் தொடுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். மீத்தேனில் ஒரு கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பை முறிக்க மோலுக்கு 439 கிலோஜூல் தேவை. குளோரின் மூலக்கூறின் இரண்டு அணுக்களைப் பிரிக்க 243 கிலோஜூல் போதும். ஒளியின் அலைநீளம் குறையக் குறைய அதன் ஒவ்வொரு துகளும் சுமக்கும் ஆற்றல் கூடும். 243 கிலோஜூலுக்கு ஈடான அலைநீளம் சுமார் 492 நானோமீட்டர். அது கண்ணுக்குத் தெரியும் நீலப்பச்சை ஒளி. 439 கிலோஜூலுக்கு 272 நானோமீட்டர் வேண்டும். அந்தப் புற ஊதாக் கதிரை ஓசோன் படலம் தரைக்கு விடுவதில்லை. ஆகவே நம் வெளிச்சம் மீத்தேனை ஒன்றும் செய்யாமல் ஊடுருவிப் போய்விடுகிறது. குளோரினோ அந்த வெளிச்சத்தின் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்கிறது. அதற்கு நிறம் இருப்பதே அதனால்தான். உறிஞ்சிய ஆற்றலில் அது இரண்டாகப் பிளக்கிறது. பிணைப்பில் இருந்த இரண்டு எலக்ட்ரான்களையும் அணுக்கள் ஆளுக்கு ஒன்றாகப் பங்கிட்டுக்கொண்டு பிரிகின்றன. எந்த அணுவுக்கும் மின்னூட்டம் இல்லை. ஆனால் ஒவ்வொன்றிலும் இணை சேராத ஓர் எலக்ட்ரான் மிஞ்சுகிறது. இப்படி இணையற்ற எலக்ட்ரானோடு திரியும் அணுவையோ அணுத்தொகுதியையோ தனி உறுப்பு என்கிறோம்.

இதுவரை சிக்கல் இல்லை. கணக்குப் பார்க்கும்போதுதான் சிக்கல் வருகிறது. ஒளி வேதிவினையில் உறிஞ்சப்படும் ஒவ்வொரு ஒளித்துகளும் ஒரு மூலக்கூறைத்தான் தூண்டும் என்ற விதியை 1912இல் ஐன்ஸ்டீன் வகுத்தார். அடுத்த ஆண்டே ஜெர்மன் வேதியியலர் மாக்ஸ் போடன்ஸ்டைன், ஹைட்ரஜனும் குளோரினும் ஒளியில் சேரும் வினையை அளந்து பார்த்து, ஒரு துகளுக்கு ஆயிரக்கணக்கிலும் அதற்கு மேலும் மூலக்கூறுகள் உருவாவதைக் கண்டார். மீத்தேன்-குளோரின் வினையிலும் ஒரு துகள் ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளை மாற்றிவிடுகிறது. அதே ஹைட்ரஜன்-குளோரின் கலவையை வைத்து 1850களிலேயே புன்சனும் ராஸ்கோவும் சூரிய ஒளியின் வலிமையை அளக்கும் கருவி ஒன்றைச் செய்திருந்தார்கள். அவர்கள் கையிலிருந்த வினைக்குள் இப்படியொரு பெருக்கம் ஒளிந்திருந்தது அப்போது யாருக்கும் தெரியாது.

விதியும் சரி, அளவீடும் சரி என்றால் ஒரே முடிவுதான் உண்டு. ஒளியின் வேலை தொடக்கத்தோடு முடிந்துவிடுகிறது. மீதியை வினை தானே நடத்திக்கொள்கிறது. அதை நடத்துவது தனித்த அணு என்ற விடையை முதல் உலகப்போர்க் காலத்தில் வால்டர் நெர்ன்ஸ்ட் சொன்னார். குளோரின் அணு ஹைட்ரஜன் மூலக்கூறைத் தாக்கி ஒரு ஹைட்ரஜன் அணுவை வெளியே விடுகிறது. அந்த ஹைட்ரஜன் அணு ஒரு குளோரின் மூலக்கூறைத் தாக்கி மீண்டும் ஒரு குளோரின் அணுவை விடுகிறது. உண்டானது அழிவதற்குள் இன்னொன்றைப் பெற்றுவிடுகிறது. சங்கிலி வினை என்ற எண்ணம் வேதியியலில் வேரூன்றியது இப்படித்தான்.

மீத்தேனுக்கு வருவோம். பிளந்த குளோரின் அணு மீத்தேனோடு மோதுகிறது. நம் கண்முன் இருக்கும் முடிவு என்ன? ஹைட்ரஜன் இருந்த இடத்தில் குளோரின் இருக்கிறது; மீத்தேன், மெத்தில் குளோரைடு ஆகியிருக்கிறது. அப்படியென்றால் குளோரின் அணு வந்து ஹைட்ரஜனைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். கணக்கு அதை ஒப்புவதில்லை. முறிய வேண்டிய கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பு 439 கிலோஜூல் கேட்கிறது. புதிதாக உருவாகும் கார்பன்-குளோரின் பிணைப்பு 350தான் திருப்பித் தருகிறது. ஒவ்வொரு முறையும் 89 கிலோஜூல் துண்டு விழும். இன்னொரு வழி இருக்கிறது. குளோரின் அணு அங்கே உட்காராமல், ஹைட்ரஜனைப் பறித்துக்கொண்டு ஹைட்ரஜன் குளோரைடாகப் போய்விடலாம். ஹைட்ரஜன்-குளோரின் பிணைப்பு தருவது 432 கிலோஜூல். துண்டு வெறும் 7. மோதலின் வேகத்திலேயே ஈடுகட்டிவிடக்கூடிய சிறு மேடு அது. வினை இந்த வழியில்தான் போகிறது.

பறிபோன பிறகு மிஞ்சுவது மூன்று ஹைட்ரஜன்களோடும் இணையற்ற ஓர் எலக்ட்ரானோடும் நிற்கும் மெத்தில் தனி உறுப்பு. அது நெடுநேரம் காத்திருப்பதில்லை. அருகில் வரும் ஒரு முழுக் குளோரின் மூலக்கூறிலிருந்து ஓர் அணுவைப் பிடித்துக்கொள்கிறது. இந்தப் படியில் 107 கிலோஜூல் வெப்பமாக வெளியேறுகிறது. மெத்தில் குளோரைடு பிறக்கிறது. மற்றக் குளோரின் அணு தனியாக விடப்பட்டு அடுத்த மீத்தேனைத் தேடிப் போகிறது. மீத்தேனைத் தாக்கிய குளோரின் வேறு, அதில் வந்து அமர்ந்த குளோரின் வேறு. இந்த வினையில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி இதுதான். எத்தனை மாணவர்கள் சமன்பாட்டை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டு இதைக் கவனிக்காமலே கடந்துபோகிறார்கள் என்று நினைக்கும்போது வருத்தமாக இருக்கிறது.

இது காகிதக் கணக்கு மட்டும்தானா என்று கேட்கலாம். 1940இல் சிகாகோவில் பிரவுன், கராஷ், சாவ் மூவரும் செய்த சோதனை அதற்குப் பதில் சொல்கிறது. ஒரு கார்பனில் நான்கு வெவ்வேறு தொகுதிகள் இணைந்திருந்தால் அந்த மூலக்கூறு இரண்டு வடிவங்களில் வரும். ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம். இரண்டும் ஒளியின் தளத்தை எதிரெதிர்த் திசைகளில் திருப்பும். அவர்கள் 1-குளோரோ-2-மெத்தில்பியூட்டேனின் ஒரே ஒரு வடிவத்தை எடுத்துக் குளோரினேற்றம் செய்தார்கள். நான்கு தொகுதிகளும் வேறுபட்ட அந்தக் கார்பனிலேயே ஹைட்ரஜன் போய்க் குளோரின் அமர்ந்த விளைபொருளைத் தனியே பிரித்துப் பார்த்தார்கள். ஹைட்ரஜனைத் தள்ளிய குளோரினே அங்கு அமர்ந்திருந்தால் ஒரே வடிவம்தான் கிடைத்திருக்க வேண்டும். கிடைத்ததோ இரண்டும் சரிபாதி. ஒளி எந்தப் பக்கமும் திரும்பவில்லை. ஹைட்ரஜன் போனதற்கும் குளோரின் வந்ததற்கும் இடையில் அந்தக் கார்பன் ஒரு கணம் தன் வடிவ நினைவை இழந்து நின்றிருக்கிறது. அடுத்த குளோரின் இரண்டு பக்கத்தில் எதிலிருந்தும் வர முடிந்திருக்கிறது.

கார்பன் மூன்று பிணைப்புகளோடு தனித்து நிற்க முடியும் என்று சொல்லவே ஒரு காலத்தில் துணிச்சல் வேண்டியிருந்தது. 1830களில் பிரெஞ்சு வேதியியலர் ழான் பாப்டிஸ்ட் துமா, கரிமப் பொருள்களில் ஹைட்ரஜனின் இடத்தைக் குளோரின் பிடிக்கிறது என்று காட்டினார். பாரிசில் அரண்மனை விருந்தொன்றில், குளோரினால் வெளுத்த மெழுகில் செய்த வத்திகள் நெடிவிட்டுப் புகைந்ததை ஆராயப் போய் அவர் இதில் இறங்கினார் என்று சொல்வார்கள். நேர்மின் தன்மையுள்ள ஹைட்ரஜன் இருந்த இடத்தில் எதிர்மின் தன்மையுள்ள குளோரின் எப்படி உட்காரும் என்று ஸ்வீடன் வேதியியலர் பெர்சிலியஸ் கடுமையாக எதிர்த்தார். துமா தரப்பே வென்றது. ஆனால் எப்படி என்ற கேள்வி அப்படியே நின்றது. நூற்றாண்டின் பிற்பகுதியில் கார்பனுக்கு எப்போதும் நான்கு பிணைப்புகள் என்ற கொள்கை உறுதிப்பட்டதும், தனி உறுப்புகளைத் தேடுவதையே பலர் கைவிட்டார்கள்.

மோசஸ் கோம்பெர்க்கும் அதைத் தேடிப் போகவில்லை. இன்று உக்ரைனில் உள்ள எலிசவெத்கிராத்தில் 1866இல் பிறந்தவர். ரஷ்யப் பேரரசின் கெடுபிடிக்குத் தப்பி இளம்வயதில் குடும்பத்தோடு சிகாகோவுக்கு வந்தவர். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அவர், இரண்டு கார்பன்களைச் சுற்றி ஆறு பென்சீன் வளையங்களைப் பொருத்திய ஹெக்சாஃபினைல்ஈத்தேனைச் செய்ய முயன்றார். வெள்ளைப் பொருள் ஒன்று கிடைத்தது. பகுத்துப் பார்த்தால் கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்து நூறு வர வேண்டிய இடத்தில் ஆறு குறைந்தது. சோதனையில் பிழை என்று ஒதுக்கிவிட்டுப் போகக்கூடிய குறைதான். அவர் விடவில்லை. திரும்பத் திரும்பச் செய்து, காணாமற்போன ஆறு பங்கும் காற்றிலிருந்து நுழைந்த ஆக்சிஜன் என்று கண்டுபிடித்தார். பிறகு காற்றை முற்றிலும் விலக்கிவிட்டுச் செய்தார். இப்போது மஞ்சள் நிறக் கரைசல் வந்தது. ஆக்சிஜன் பட்டால் நிறம் போகும். அயோடின் சேர்த்தாலும் உடனே வினை நடக்கும். நிறைவடைந்த ஒரு ஹைட்ரோகார்பன் இப்படி நடந்துகொள்ளாது. மூன்று பிணைப்பு மட்டுமே கொண்ட கார்பன் இது என்று 1900இல் அவர் அறிவித்தார். மூன்று பென்சீன் வளையங்கள் சுற்றிலும் நெருக்கி நின்றதாலும், இணையற்ற எலக்ட்ரான் அவற்றின்மேல் பரவியதாலும் அந்தத் தனி உறுப்பு உயிர்தரித்திருந்தது. அது இரண்டிரண்டாகச் சேர்ந்து உண்டாக்கும் பொருளின் உண்மையான அமைப்பு 1968இல்தான் தெளிவானது; அவர் செய்ய நினைத்த ஹெக்சாஃபினைல்ஈத்தேன் அது அல்ல.

மெத்தில் உறுப்புக்கு அப்படிப்பட்ட காவல் எதுவும் கிடையாது. அதைக் காட்டியவர்கள் பெர்லினில் ஃபிரிட்ஸ் பானெத்தும் வில்ஹெல்ம் ஹோஃபெடிட்சும், ஆண்டு 1929. டெட்ராமெத்தில் ஈயத்தின் ஆவியை ஒரு குழாயில் வேகமாகச் செலுத்தி ஓரிடத்தில் சூடாக்கினார்கள். ஆவி சிதைந்து, ஈயம் குழாயின் உட்சுவரில் கண்ணாடிபோல் பளபளக்கும் படலமாகப் படிந்தது. அடுத்து, குழாயில் அதற்கு முன்னால், ஆவி வரும் பக்கத்தில் சூடாக்கினார்கள். அங்கே புதிய படலம் படிந்தது. பழைய படலம் மெல்லக் கரைந்து மறைந்தது. சூடான இடத்தில் பிறந்த ஏதோ ஒன்று வாயு ஓட்டத்தோடு பயணம் செய்து, பழைய ஈயத்தோடு சேர்ந்து அதைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. அதுதான் மெத்தில். இரண்டு இடங்களுக்கும் இடையிலான தூரத்தையும் ஓட்டத்தின் வேகத்தையும் மாற்றிப் பார்த்து, அதன் ஆயுள் சில ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிதான் என்று கணக்கிட்டார்கள். கண்ணால் காண முடியாத ஒன்றின் ஆயுளைக் குழாயும் அடுப்பும் கொண்டு அளந்த அந்த எளிமை இன்றும் என்னை வியக்க வைக்கிறது.

சங்கிலி என்றைக்கும் ஓடிக்கொண்டிருப்பதில்லை. இரண்டு தனி உறுப்புகள் ஒன்றையொன்று சந்தித்துக்கொண்டால் அவற்றின் எலக்ட்ரான்கள் இணைந்து கதை முடிந்துவிடும். இரண்டு மெத்தில்கள் சேர்ந்தால் ஈத்தேன். மீத்தேனைக் குளோரினேற்றிய கலவையில் சிறிதளவு ஈத்தேன் தென்படுவது இதனால்தான். ஆக்சிஜன் புகுந்தாலும் சங்கிலி அறுபடும். மெத்தில் அதோடு சேர்ந்து மந்தமான பெராக்சி உறுப்பாகிவிடுகிறது. ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு தடுப்பது ஒரே ஒரு மெத்திலைத்தான், ஆனால் அதைத் தொடர்ந்து வந்திருக்க வேண்டிய ஆயிரக்கணக்கான படிகளும் அதோடு நின்றுபோகின்றன. அதனால் இம்மியளவு ஆக்சிஜன் இருந்தாலும் வினை கொஞ்ச நேரம் தொடங்கவே தொடங்காது. அது தீர்ந்ததும் திடீரென்று வேகமெடுக்கும்.

வினை மெத்தில் குளோரைடோடு நிற்பதும் இல்லை. அதிலும் இன்னும் மூன்று ஹைட்ரஜன்கள் உள்ளன. டைகுளோரோமீத்தேன், குளோரோஃபார்ம், கார்பன் டெட்ராகுளோரைடு என்று படிப்படியாகப் போகும். நான்கும் கலந்தே கிடைக்கும். முதலாவது மட்டும் வேண்டுமென்றால் மீத்தேனை அளவுக்கு அதிகமாக வைக்க வேண்டும். கொதிநிலைகள் முறையே பூஜ்யத்துக்குக் கீழே 24, மேலே 40, 61, 77 டிகிரி செல்சியஸ். ஆகவே வடித்துப் பிரிக்கலாம். தொழிற்சாலைகளில் ஒளிக்குப் பதில் பெரும்பாலும் 400 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பமே குளோரினைப் பிளக்கப் பயன்படுகிறது.

குளோரினின் உறவினர்களான மற்ற ஹேலஜன்கள் இதே பாதையில் போனால் என்ன ஆகும்? முதல் படியான ஹைட்ரஜன் பறிப்பின் கணக்கைப் போட்டாலே தெரிந்துவிடும். ஃபுளூரின் ஹைட்ரஜனோடு சேரும்போது 570 கிலோஜூல் தருகிறது. செலவு 439 போக 131 மிச்சம். அடுத்த படியில் இன்னும் 300. இருட்டிலும் குளிரிலும்கூட அது காத்திருக்காது; வெளியாகும் வெப்பம் கார்பன்-கார்பன் பிணைப்புகளையே முறிக்கப் போதும் என்பதால், பெரிய ஆல்கேன்களில் எலும்புக்கூடே நொறுங்கும். மந்த வாயுவால் வெகுவாக நீர்த்துப்போகச் செய்தால்தான் அதைக் கையாள முடியும். அயோடின் நேர் எதிர். அது தருவது 298 மட்டுமே. 141 கிலோஜூல் மேடு ஏற வேண்டும். ஏறினாலும் மொத்தக் கணக்கு நட்டத்தில்தான் முடியும். மீத்தேனும் அயோடினும் ஒன்றையொன்று சீண்டுவதில்லை.

புரோமின் நடுவில் இருக்கிறது. அதன் மேடு 73 கிலோஜூல். சூடாக்கினால் வினை நடக்கும், ஆனால் மெதுவாக. இந்த மெதுவான வினையில்தான் ஓர் அரிய குணம் வெளிப்படுகிறது. ஆல்கேன் பெரிதாகும்போது எல்லா ஹைட்ரஜன்களும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒரே ஒரு கார்பனோடு சேர்ந்த ஓரிணையக் கார்பனின் ஹைட்ரஜனைப் பிரிக்க ஏறத்தாழ 420 கிலோஜூல் வேண்டும், ஈரிணையத்துக்கு 410, மூவிணையத்துக்கு 400. ஐசோபியூட்டேனில் ஒன்பது ஓரிணைய ஹைட்ரஜன்களும் ஒரே ஒரு மூவிணைய ஹைட்ரஜனும் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு பறித்தால் பத்தில் ஒரு முறைதான் மூவிணையம் சிக்க வேண்டும். குளோரின் பறிக்கும்போது நூற்றுக்கு 36 முறை சிக்குகிறது. புரோமின் பறிக்கும்போது 99க்கும் மேல். ஒரு ஹைட்ரஜனுக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால், ஓரிணையத்தைவிட மூவிணையத்தைக் குளோரின் 25 டிகிரியில் 5 மடங்கு விரும்புகிறது. புரோமின் 127 டிகிரியில் 1600 மடங்கு.

வெண்டைக்காய் வாங்கும்போது அவசரமாக அள்ளிப் போட்டுக்கொள்பவரும் உண்டு. ஒவ்வொன்றின் நுனியையும் ஒடித்துப் பார்த்து, சட்டென்று ஒடிவதை மட்டும் பொறுக்குபவரும் உண்டு. புரோமின் இரண்டாவது வகை. அதற்குக் காரணம் அதன் வலுவின்மையே. குளோரின் அணுவுக்குப் பறிப்பு கிட்டத்தட்டச் செலவில்லாத காரியம். கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பு சற்றே நீளத் தொடங்கும்போதே அது மேட்டைத் தாண்டிவிடுகிறது; அந்தக் கட்டத்தில் எந்தக் கார்பன் எளிதில் விட்டுக்கொடுக்கும் என்ற வேறுபாடு அதற்கு உறைக்காது. புரோமினுக்கு மேட்டின் உச்சி மிகத் தள்ளி இருக்கிறது. பிணைப்பு ஏறக்குறைய முறிந்து, தனி உறுப்பு ஏறக்குறைய உருவான பிறகே அது உச்சியை எட்டுகிறது. அதனால் பிணைப்புகளுக்கு இடையிலுள்ள 10, 20 கிலோஜூல் வேறுபாடு ஏறக்குறைய முழுதாக அதன்மேல் விழுகிறது. ஜார்ஜ் ஹாமண்ட் 1955இல் இந்தத் தொடர்பைப் பொதுவான கோட்பாடாக எழுதினார். மூலக்கூறில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் ஹேலஜனை வைக்க வேண்டியவர்கள் இன்றும் புரோமினைத்தான் நாடுகிறார்கள்.

குளோரின் அணு மீத்தேனிடமிருந்து ஹைட்ரஜனைப் பறிக்கும் அந்த முதல் படி, குடுவைக்கு வெளியே வானத்திலும் நடக்கிறது. கார்பன் டெட்ராகுளோரைடிலுள்ள சில குளோரின்களுக்குப் பதிலாக ஃபுளூரினை வைத்தால் குளோரோஃபுளூரோகார்பன்கள். குளிர்பதனப் பெட்டிகளுக்கான பாதுகாப்பான வாயு என்று 1930இல் தாமஸ் மிஜ்லி இவற்றை அறிமுகப்படுத்தினார். தரைக்கு அருகில் இவற்றை எதுவும் அழிப்பதில்லை. அடுக்கு மண்டலத்துக்கு ஏறிய பின் அங்குள்ள புற ஊதாக் கதிர் இவற்றிலிருந்து குளோரின் அணுவை உடைத்தெடுக்கிறது என்று கலிஃபோர்னியாவில் மரியோ மோலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் 1974இல் எழுதினார்கள். அந்த அணு ஓசோனிலிருந்து ஓர் ஆக்சிஜனைப் பிடுங்குகிறது. பிடுங்கியதை வேறோர் ஆக்சிஜன் அணுவிடம் கொடுத்துவிட்டு மீண்டும் தனியாகிறது. இன்னொரு சங்கிலி. ஓர் அணு செயலிழப்பதற்குள் ஒரு லட்சம் ஓசோன் மூலக்கூறுகள்வரை அழியலாம்.

அதைச் செயலிழக்கச் செய்பவற்றில் முக்கியமானது மீத்தேன். குடுவையில் சங்கிலியை ஓட்டும் அதே பறிப்பு, அங்கே சங்கிலியை நிறுத்துகிறது. குடுவையில் பிறக்கும் மெத்திலுக்கு எதிரே குளோரின் மூலக்கூறு இருந்தது. அடுக்கு மண்டலத்தில் பிறக்கும் மெத்திலைச் சுற்றி இருப்பது ஆக்சிஜன். குளோரின் அணுவைத் திருப்பித் தர அங்கே யாருமில்லை. அது ஹைட்ரஜன் குளோரைடாக அடங்கிவிடுகிறது. அண்டார்க்டிக்காவின் குளிர்காலத்தில் மட்டும் இந்தக் காவல் பொய்த்துப்போகிறது. பூஜ்யத்துக்கு ஏறத்தாழ 78 டிகிரி கீழே உருவாகும் மேகத் துகள்களின் பரப்பில் ஹைட்ரஜன் குளோரைடு, குளோரின் நைட்ரேட்டோடு வினைபுரிந்து குளோரின் மூலக்கூறாக மாறுகிறது. வசந்தத்தில் சூரியன் எழுந்ததும் அந்த மூலக்கூறுகள் பிளக்கின்றன. அங்குள்ள ஹாலி ஆய்வு நிலையத்தில் ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் மூவரும் கண்டு 1985இல் அறிவித்த ஓசோன் ஓட்டை இப்படி உருவானதுதான். இரண்டு ஆண்டுகளில் குளோரோஃபுளூரோகார்பன்களைக் கட்டுப்படுத்தும் மாண்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது.

ஒவ்வோர் ஆண்டும் அந்த ஓட்டைக்குள் குளோரினின் ஆட்டம் முடிவுக்கு வரும் விதமும் இதே கணக்கில்தான் அடங்கியிருக்கிறது. ஓசோன் ஏறக்குறைய தீர்ந்துபோன காற்றில் குளோரின் அணுவுக்குப் பிடுங்க ஆக்சிஜன் கிடைப்பதில்லை. அது மோதுவதற்கு மீத்தேன் இருக்கிறது. செப்டம்பர் இறுதியிலும் அக்டோபரிலும் அண்டார்க்டிக்காவுக்கு மேலே ஹைட்ரஜன் குளோரைடின் அளவு விறுவிறுவென்று ஏறுவதைக் கருவிகள் பதிவு செய்கின்றன.